மிஸ்டுக்குள் வரும் கொழுந்து டிரக்டர்

மடுல்சீமையில் மழைக்காலம் என்றால் பின்னேரம் நாலு மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து ஏற்றிய டிரக்டர் நிற்கிறதா, போகிறதா என்று பஸ் கிட்டப் போனால்தான் தெரியும். பெட்டி கறள் பிடித்த தகரம், அதற்கு மேல் சேறு. சில நாள் மூட்டைகளுக்கு மேலே ஆட்களும் இருப்பார்கள், நம்ம அம்மாமார்தான்.

1924இல் ரயில் பதுளையோடு நின்றுவிட்டது. மடுல்சீமைத் தேயிலை ரோட்டை நம்பித்தான் இறங்கியது, முதலில் மாட்டுவண்டியில். அப்போது முன்னால் போவதும் பின்னால் வருவதும் கிட்டத்தட்ட ஒரே வேகம். இன்றைக்கு டிரக்டர் 15 கிலோமீட்டரில் ஏறும்போது பஸ் 50இல் வருகிறது. இடைவெளி செக்கனுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் குறையும். மிஸ்டில் 50 மீட்டரில் கண்டால் கையில் இருப்பது 5 செக்கன். சிவப்பு லைட் எரிந்தாலும் அது 'வண்டி' என்று மட்டும்தான் சொல்லும், 'மெதுவான வண்டி' என்று சொல்லாது.

இந்தச் சிக்கலைத்தான் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் ஹார்க்னெஸ் 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டார். அவருடைய முக்கோணச் சின்னத்தை 1964இல் அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது. நடுவில் ஒளிரும் செம்மஞ்சள், மங்கலான பகலுக்கு. ஓரத்தில் பிரதிபலிக்கும் சிவப்பு, ராவில் ஹெட்லைட் பட்டால் வெற்று முக்கோணமாகத் தெரியும். எழுத்து வாசிக்கத் தேவையில்லை. மோட்டாரோ பல்போ எதுவும் வேண்டாம், ஒரு தகடு போதும்!

போன லீவில் நாங்கள் ஒரு பெட்டிக்குப் பின்னால் ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினோம். ரெண்டாம் நாளே சேறு மூடிவிட்டது. இப்போது டிரைவர் அண்ணன் ஸ்டோரிலிருந்து கிளம்பும்போது பழந்துணியால் ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்.