எண்ணைப் பரப்பினால் எந்தப் பிரிவு?

பிறருடைய பெயர், கைபேசி எண், முகவரி ஆகியவற்றை இணையத்தில் பரப்பித் தொல்லை கொடுப்பதைத் தனிக் குற்றமாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. இருக்கும் பிரிவுகளை ஒட்டவைத்தே வழக்கு நடத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன்மாதிரி 2004ஆம் ஆண்டின் சென்னை வழக்கு.

மணமுறிவு பெற்ற பெண் ஒருவர் தன்னை மணக்க மறுத்ததால், அறிமுகமான ஒருவர் அவர் பெயரில் போலி மின்னஞ்சல் தொடங்கினார். யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்தியோடு அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டார். முன்பின் தெரியாத ஆண்கள் அந்தப் பெண்ணைத் தவறாக நினைத்து அழைக்கத் தொடங்கினர். பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சில நாட்களில் அந்த ஆள் மும்பையில் பிடிபட்டார். பிரவுசிங் சென்டர்காரர்களும் சாட்சி சொன்னார்கள். நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 469, 509, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67 ஆகிய பிரிவுகளில் சிறைத்தண்டனை விதித்தது. 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை இதுதான். ஆனால் அந்தப் பிரிவு தண்டித்தது ஆபாசத்தை. எண்ணை வெளியிட்டதை அல்ல. அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தத்தில், தொல்லை தரும் இணையச் செய்திகளைத் தண்டிக்க வந்த 66ஏ பிரிவு, வரையறை தெளிவில்லாததால் 2015இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அது வீழ வேண்டிய பிரிவுதான். 2013இல் சேர்க்கப்பட்ட பின்தொடரல் குற்றப் பிரிவு பெண்களுக்கு மட்டுமே காப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு 2017இல் வந்தபிறகும் தனிப் பிரிவு வரவில்லை. சிங்கப்பூரோ தொல்லை தரும் நோக்கில் பிறர் விவரங்களை வெளியிடுவதை 2020 முதல் நேரடிக் குற்றமாகவே தண்டிக்கிறது.

தமிழ்நாட்டில் அரசுத் தரப்பே தவறியதுண்டு. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கின் அரசாணையில் பாதிக்கப்பட்டவரின் பெயர் இடம்பெற்றது. 2024இல் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் விவரங்களோடு இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, இருக்கும் பிரிவுகளில் புகார் கொடுப்பவருக்கு ஒரு வசதி தருகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பொம்மிடியில் இருப்பவரின் எண்ணை வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் ஆபாசமாகப் பரப்பினாலும், "எங்கள் எல்லை இல்லை" என்று உள்ளூர் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. பதிவு அழிக்கப்படுமுன் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.