டி.பி. வார்டில் ஒரு டான்ஸ்!

நியூயார்க் நகரின் ஒரு பகுதியாக ஸ்டேட்டன் ஐலண்ட் என்று ஒரு தீவு. அதில் ‘ஸீ வ்யூ’ என்றொரு ஆஸ்பத்திரி. பெயரைக் கேட்டால் ஏதோ கடற்கரை லாட்ஜ் மாதிரி இருக்கிறது, இல்லையா? அது காசநோய் ஆஸ்பத்திரி! அந்தக் காலத்தில் அங்கே போய்ப் படுத்தவர்களில் பலர் எழுந்து வந்ததில்லை.

1952-ல் அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளின் புகைப்படங்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியாகி, ஊரே பேசியது. படத்தில் என்ன? நோயாளிகள் வார்டில் சிரித்துக்கொண்டு டான்ஸ் ஆடுகிறார்கள்! நுரையீரலில் ஓட்டை, முகத்தில் கொள்ளைச் சிரிப்பு.

காரணம், இரண்டு புது மாத்திரைகள். ஐஸோனியாஸிட், இப்ரோனியாஸிட். கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ரோஷ் கம்பெனியின் நியூஜெர்ஸி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து வந்தவை. இவற்றின் பூர்வீகம் கொஞ்சம் விசேஷமானது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஹைட்ரஸீன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ராக்கெட் விமானத்துக்கு ஊற்றிய எரிபொருளில் இருந்த அதே சரக்கு! போர் முடிந்ததும் அது மலிவாகக் கிடைக்க, ‘இதை வைத்து வேறென்ன செய்யலாம்?’ என்று வேதியியல்காரர்கள் கிண்டிப் பார்த்ததில் பிறந்தவை பல.

ஸீ வ்யூவில் டாக்டர் ராபிட்ஸெக், டாக்டர் செலிகாஃப் இருவரும் இந்த மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே டி.பி. கிருமியை அடித்தன. ஆனால், இப்ரோனியாஸிட் சாப்பிட்டவர்களிடம் கூடுதலாக ஒரு சமாசாரம். அகோரப் பசி, தூக்கம் குறைவு, ஒரு இடத்தில் உட்கார முடியாத உற்சாகம். டாக்டர்கள் இதையெல்லாம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்கள். எந்தத் தலைப்பின் கீழ்? ‘பக்க விளைவுகள்’!

ஆக, பக்க விளைவு குறைவான ஐஸோனியாஸிட்டுக்கு ராஜமரியாதை. (இன்றைக்கும் உலகம் முழுக்க காசநோய்க்குத் தரப்படும் முக்கிய மருந்து அதுதான்.) இப்ரோனியாஸிட் ஓரங்கட்டப்பட்டது.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு ஒன்றும் ரகசியமில்லை. போட்டோ பிடித்துப் பேப்பரிலேயே போட்டாகிவிட்டது. அப்படியும் அதுவே ஒரு மருந்து என்று புரிய இன்னும் ஐந்து வருஷம் ஆனது. ஏன்? சாகப்போகிறோம் என்றிருந்தவன் பிழைத்துக்கொண்டால் ஆடத்தானே செய்வான்! காரணம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அதனாலேயே பலரும் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

இத்தனைக்கும் விடை அதே 1952-ல் கிடைத்துவிட்டது. சிகாகோவில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஸெல்லர் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் உடம்பில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்று ஓர் என்ஸைம் இருக்கிறது. பெயர் நீளம், வேலை எளிது. மூளையில் செரடோனின், நார்அட்ரினலின், டோபமைன் என்று சேதி கொண்டுபோகும் ரசாயனங்கள் உண்டல்லவா? வேலை முடிந்ததும் அவற்றை வெட்டிப்போடும் கத்தரிக்கோல் அது. இப்ரோனியாஸிட் நேராகப் போய் இந்தக் கத்தரியின் வாயில் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் கத்தரி அசையாது. உடம்பு புதுக் கத்தரி செய்துகொள்ளும்வரை அந்த ரசாயனங்கள் வெட்டுப்படாமல் தேங்கும். கிட்டத்தட்ட அதே உருவமுள்ள ஐஸோனியாஸிட்டுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனால், ஸெல்லர் சோதனைக்குழாய்க்காரர். ஸீ வ்யூ டாக்டர்களோ நுரையீரல்காரர்கள். இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்ட ஒரு மனநல மருத்துவர் வரவேண்டியிருந்தது. நேதன் கிளைன். நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனைக்காரர். நம்ம ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கப்பட்ட ரெஸர்பின் மருந்தை அமெரிக்க மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஏற்கெனவே பெயர் வாங்கியவர். அந்த ரெஸர்பின் கொடுத்தால் மிருகங்கள் சோர்ந்து சுருண்டுகொள்ளும். ஆனால், முதலில் இப்ரோனியாஸிட்டைக் கொடுத்துவிட்டு அப்புறம் ரெஸர்பின் கொடுத்தால்? சுருளவில்லை, துள்ளின! கிளைனுக்குப் பொறி தட்டியது.

லூமர், சாண்டர்ஸ் என்ற இரு சகாக்களோடு, ஒடுங்கிப்போய்க் கிடந்த நோயாளிகளுக்கு அவர் அதைக் கொடுத்துப் பார்த்தார். சிலர் மெல்ல மெல்ல எழுந்து பேச ஆரம்பித்தார்கள். 1957-ல் முடிவுகளை அறிவித்தார். அவ்வளவுதான்... ஒரே வருஷத்தில் சுமார் 4 லட்சம் பேர் டிப்ரஷனுக்காக அதைச் சாப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் அது விற்பனைக்கு வந்தது காசநோய் மருந்தாகத்தான்! 1964-ல் கிளைனுக்கு லாஸ்கர் விருது. ‘எங்களுக்கும் பங்கில்லையா?’ என்று சாண்டர்ஸ் கோர்ட்டுக்குப் போய், வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது.

சுபம் போட்டுவிடலாமா? இருங்கள்.

முதலில் கல்லீரல் மக்கர் பண்ணியது. சிலருக்கு மஞ்சள்காமாலை, மரணம். 1961-ல் அமெரிக்காவில் இப்ரோனியாஸிட் வாபஸ். பரவாயில்லை, அதே என்ஸைமைக் கட்டிப்போடும் வேறு மாத்திரைகள் அதற்குள் வந்திருந்தன. ஆனால், அவற்றைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி. ரத்த அழுத்தம் எகிறி, மூளையில் ரத்தம் கசிந்து சிலர் செத்தே போனார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

துப்புக் கொடுத்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஒரு மருந்தாளுநர். அவர் மனைவி இந்த வகை மாத்திரை சாப்பிட்டு வந்தார். சீஸ் சாப்பிடும்போது மட்டும் அவருக்கு அந்தத் தலைவலி வருவதை மனிதர் கவனித்துவிட்டார். லண்டனில் பேரி பிளாக்வெல் என்ற இளம் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். ‘சீஸாவது, தலைவலியாவது’ என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால், மேலும் சில நோயாளிகள் சீஸ் சாப்பிட்ட கையோடு துடித்ததும் சிரிப்பு அடங்கியது. 1963-ல் பிளாக்வெல் அதை எழுதினார்.

விஷயம் இதுதான். பழைய சீஸில் டைரமின் என்றொரு பொருள் உண்டு. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சாதாரணமாகக் குடலிலும் கல்லீரலிலும் நம் கத்தரி அதை வெட்டிப் போட்டுவிடும். மூளைக்காகக் கத்தரியைக் கட்டிப்போட்டால், குடலிலும் அல்லவா வேலை நின்றுபோகிறது!

இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? இந்த என்ஸைமை முதன்முதலில் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் மேரி ஹேர் என்ற இளம் ஆராய்ச்சி மாணவி, 1928-ல். அவர் அதற்கு வைத்த பெயர் ‘டைரமின் ஆக்ஸிடேஸ்’. அதாவது, டைரமினை ஒழிக்கும் என்ஸைம். டைரமின் என்ற சொல்லின் வேர் ‘டைரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். அதற்கு என்ன அர்த்தம்? சீஸ்! முப்பத்தைந்து வருஷமாக எச்சரிக்கை பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அதற்குப் பிறகு கவனம் வந்தது. இந்த என்ஸைமில் ஏ, பி என்று இரண்டு ரகம் இருப்பது தெரிந்தது. குடலில் ஏ ரகம்தான் அதிகம். ஹங்கேரியில் யோஸெஃப் நோல் குழுவினர் டிப்ரஷனுக்காக உருவாக்கிய செலிஜிலின் என்ற மருந்து, குறைந்த அளவில் பி ரகத்தை மட்டும் கட்டிப்போடும். சீஸ் தொல்லை இல்லை. டிப்ரஷனுக்கு வந்த அது, எழுபதுகளில் வியன்னா டாக்டர்களின் கையில் பார்க்கின்சன் மருந்தாயிற்று. அந்த நோயில் மூளையில் டோபமைன் வற்றிவிடுகிறது. இருக்கிற டோபமைனையாவது வெட்டவிடாமல் காப்பாற்றலாமே!

வட்டம் முழுசாவதையும் பாருங்கள். லினஸோலிட் என்ற ஆன்டிபயாடிக், 2000-ல் அமெரிக்காவில் வேறு தொற்றுகளுக்காக அனுமதி பெற்றது. இன்றைக்கு எந்த மருந்துக்கும் மசியாத காசநோய்க்கு இந்தியாவிலும் அதைக் கொடுக்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு பக்க குணம். அதே கத்தரிக்கோலை லேசாகப் பிடித்து வைக்கும்! டி.பி. வார்டில் ஆரம்பித்த கதை டி.பி. வார்டுக்கே வந்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர்கள், ‘டிப்ரஷனுக்கு ஏதும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. புது மாத்திரை போட்டதிலிருந்து ஏதாவது வித்தியாசமாக இருந்தால், ‘இதைப் போய் எப்படிச் சொல்வது?’ என்று தயங்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சந்தோஷமாக இருந்தாலும் சொல்லுங்கள். நாட்டிங்ஹாம்காரர் அந்தக் கடிதத்தைக் கூச்சப்பட்டு எழுதாமல் விட்டிருந்தால், இன்னும் எத்தனை பேர் சீஸ் தின்று செத்திருப்பார்களோ!