சமநிலை இடப்பெயர்ச்சியும் மகப்பேறும்: சான்றுகள் சொல்வது என்ன?

அடுத்தடுத்துக் கரு கலையும் தம்பதியரைச் சோதித்தால், 100-க்கு 3 முதல் 5 தம்பதியரில், கணவன் மனைவி இருவருள் ஒருவரிடம் சமநிலைக் குரோமோசோம் இடப்பெயர்ச்சி தென்படுகிறது. கேரியோடைப் (குரோமோசோம் ஆய்வு) அறிக்கையில் அது பதிவானவுடன், ஐ.வி.எஃப். செய்து முளைக்கருவின் மரபணுவைச் சோதித்தே கருவுற வேண்டும் என்ற பரிந்துரை பல இடங்களில் வந்துவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக அப்படிப் பரிந்துரைக்கச் சான்றுகள் இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடப்பெயர்ச்சி உள்ளவர் அதன் கடத்தி மட்டுமே, நோயாளி அல்லர். பரிமாற்ற வகையில் இரு குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். மரபுப்பொருளின் மொத்த அளவில் குறைவும் இராது, மிகையும் இராது. ராபர்ட்சோனியன் வகையில் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்தில் இரண்டின் நீண்ட கைகள் ஒட்டிக்கொள்கின்றன. மொத்த எண்ணிக்கை 46-இலிருந்து 45 ஆகிறது. குட்டைக் கைகள் இழக்கப்பட்டாலும், அவற்றிலுள்ள மரபணுக்களின் படிகள் பிற குரோமோசோம்களிலும் இருப்பதால் உடலுக்குத் தீங்கில்லை. இப்பெயருக்குக் காரணமான ராபர்ட்சன் 1916-இல் இவ்வகை இணைப்பை வெட்டுக்கிளிகளில் விவரித்தார். மனிதரில் ஏறத்தாழ 1000 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு.

முட்டையும் விந்தணுவும் உருவாகும் குன்றல் பகுப்பில்தான் சிக்கல் எழுகிறது. 14-உம் 21-உம் இணைந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய கருமுட்டைகள் ஆறு வகையாக அமையலாம்: இயல்பானது ஒன்று, தாயைப் போலவே சமநிலை உள்ளது ஒன்று, 21 மிகுந்தது, 21 குறைந்தது, 14 மிகுந்தது, 14 குறைந்தது என மற்ற நான்கு. இவற்றுள் கடைசி மூன்றிலிருந்து உருவாகும் கரு நிலைப்பதில்லை. 21 மிகுந்தது டவுன் நோய்க்குறியுள்ள குழந்தையாகப் பிறக்கலாம். எஞ்சும் மூன்றில் ஒன்று என்று தாளில் கணக்குப் போட்டால் 33 விழுக்காடு வருகிறது. ஆனால் குடும்பங்களில் கண்டறியப்பட்ட அளவு, தாய் கடத்தியாக இருந்தால் சுமார் 10 முதல் 15 விழுக்காடு. தந்தையாக இருந்தால் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. சமநிலைப் பிரிதல் மற்றவற்றைவிட அதிகம் நிகழ்வதும், 21 மிகுந்த கருக்களில் பல கலைந்துவிடுவதும் இதற்குக் காரணங்கள். தாள்கணக்கை அப்படியே தம்பதியரிடம் சொல்வது அவர்களைத் தேவையின்றி அச்சுறுத்துவதாகும்.

தாய்க்கும் தந்தைக்கும் உள்ள இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஆணில் விந்தணு உருவாகும்போது சரியாக இணைசேராத குரோமோசோம்களைக் கொண்ட செல்களில் பல, பகுப்பு நடுவிலேயே நின்று அழிந்துபோகின்றன. அதனால் ஆண் கடத்திகள் சிலரிடம் விந்தணுக் குறைவு காணப்படுகிறது. பெண்ணில் அந்தக் கண்காணிப்பு தளர்வானது. பிழையுள்ள முட்டையும் முதிர்ந்து வெளிவருகிறது. ஆக ஒரே இடப்பெயர்ச்சி, கணவனிடம் கருத்தரிக்காமையாகவும் மனைவியிடம் கருச்சிதைவாகவும் வெளிப்படக்கூடும். கரு கலைந்தால் மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பும் நம் குடும்ப வழக்கத்துக்கு அறிவியலில் ஆதாரமே இல்லை.

பரிமாற்ற இடப்பெயர்ச்சியில் இன்னொரு நுட்பம் உண்டு. இடம் மாறிய துண்டுகள் பெரியவையாக இருந்தால், சமநிலை குலைந்த கரு ஆரம்ப வாரங்களிலேயே கலைந்துவிடும். சிறியவையாக இருந்தால் அது பிரசவம்வரை தாக்குப்பிடித்து, கடும் குறைபாடுகளோடு பிறக்கக்கூடும். எனவே கருச்சிதைவுகள் மட்டுமே நிகழ்ந்த குடும்பத்தில் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு, அத்தகைய குழந்தை ஏற்கெனவே பிறந்துள்ள குடும்பத்தைவிடப் பொதுவாகக் குறைவு. இவ்விரு குடும்பங்களுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

முளைக்கருச் சோதனையை எல்லாருக்கும் பரிந்துரைக்க வேண்டியதில்லை என்பதற்கு வலுவான சான்று நெதர்லாந்திலிருந்து கிடைக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளைச் சந்தித்த தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், கடத்திகள் இருந்த தம்பதியரில் 83 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 84 விழுக்காட்டினரும் குறைந்தது ஓர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றிருந்தனர். மீண்டும் கரு கலைந்தது முறையே 49, 30 விழுக்காட்டினருக்கு. கடத்தித் தம்பதியரின் 550 கருவுறுதல்களில், சமநிலை குலைந்தும் உயிர்வாழத்தக்க நிலையில் இருந்தவை நான்கே. பாதை கடினமானது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலோர் சென்று சேர்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 49 விழுக்காடு என்பது எண் மட்டுமல்ல, மீண்டும் மீண்டும் வரும் துயரம். பெண்ணின் வயதோ காத்திருக்காது. இது நியாயமான மறுப்பே. முளைக்கருச் சோதனை கருச்சிதைவைக் குறைக்க உதவக்கூடும். ஆயினும் அது நல்ல முளைக்கருவை உண்டாக்குவதில்லை, இருப்பவற்றில் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவே. தேர்வுக்குரிய முளைக்கரு ஒன்றுகூட இல்லாமல் முடியும் சுழற்சிகளும் உண்டு. செலவும் ஊசிகளும் வீணாகும். 21-உம் 21-உம் இணைந்தவருக்கோ தேர்ந்தெடுக்கவே ஏதுமில்லை. அவருக்குத் தானமாகப் பெறும் முட்டையோ விந்தணுவோ, தத்தெடுப்போதான் வழி. மாறாக, விந்தணுக் குறைவால் எப்படியும் ஐ.வி.எஃப். தேவைப்படுவோருக்கும், குறைபாடுள்ள குழந்தையை ஈன்ற குடும்பத்துக்கும் இச்சோதனை மிகப் பொருத்தமானது.

இயல்பாகக் கருவுறுவோருக்கு இந்தியச் சட்டமும் துணை நிற்கிறது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், குரோமோசோம் கோளாறுகளைக் கண்டறியக் கருவைச் சோதிக்க அனுமதிக்கிறது. இரண்டு கருச்சிதைவுகள் நேர்ந்திருப்பதை அதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாகவும் ஏற்கிறது. 11 வாரங்களுக்குப் பின் நச்சுக்கொடித் திசுவிலும், 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரிலும் இதைச் செய்யலாம்.

ஆகவே கேரியோடைப் அறிக்கை கைக்கு வரும் நாளில் தம்பதியருக்கு முதலில் தேவைப்படுவது மரபணு ஆலோசகர். எந்தக் குரோமோசோம், எந்த இடத்தில் முறிவு, கடத்தி யார், குடும்பத்தில் முன்பு நடந்தது என்ன என்ற நான்கையும் கேட்டறியாமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புதல் வாங்கக் கூடாது. கருத்தரிப்பு மையங்கள் இதைத் தம் நடைமுறையாக்கிக்கொள்ள வேண்டும்.