ஆட்டிசம் உடைய பெரியவர்களின் வாகனப் பிரயாணம்

ஆட்டிசம் உடைய வயதுவந்தோர் பேருந்து, கார், ரயில் முதலியவற்றில் அச்சமும் அபாயமும் இன்றிச் சென்றுவருவதற்கான முறைகள் இத்தலைப்பில் அடங்கும். 1943இல் மருத்துவர் லியோ கானரும் மறு ஆண்டு மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் ஆட்டிசத்தைக் குழந்தைகளிடத்தே கண்டு எழுதினர். அதனாலோ என்னவோ, இது பாலப் பருவத்துக்கே உரியதென்ற எண்ணம் வெகுகாலம் வேரூன்றியிருந்தது. அக்குழந்தைகள் வளர்ந்து ஆளானபின் முதிய தாயாரோடு பேருந்து ஏறவேண்டியிருப்பதைச் சிந்தித்தவர் சிலரே.

பிரயாணத்தில் இவர்கள் படும் அவஸ்தைக்குப் பிடிவாதம் காரணமன்று. ஒலி, ஒளி, வாசனை, ஸ்பரிசம் ஆகியவற்றைப் பிறரினும் மிகக் கூர்மையாக உணரும் சுபாவமும், அடுத்து நிகழ்வது யாதெனத் தெரியாதபோது எழும் கலக்கமுமே பெரும்பாலும் காரணமாகும். கரிசல் பூமியான ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூருக்கோ சிவகாசிக்கோ செல்லும் பேருந்தில், நடத்துநரின் விசிலும், சினிமாப் பாட்டும், மல்லிகையோடு டீசல் கலந்த வாடையும், நிற்பவர் மேலே வந்து சாய்வதும் ஒருசேரத் தாக்க, பட்டாசுத் தொழில் மிகுந்த இவ்வட்டாரத்தில் எதிர்பாராத வெடியோசையும் சேர்ந்துகொள்வதுண்டு. பல சுரங்களில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடைசெய்துள்ளது. அவ்வொரு விதி செவ்வனே அனுஷ்டிக்கப்பட்டாலே இவர்களுக்குப் பேருபகாரமாகும்.

முன்னறிவித்தலே தலையாய பரிகாரம். எந்தப் பேருந்து, எத்தனை நிறுத்தம், எங்கே இறங்குவது, எப்போது வீடு திரும்புவது என்பவற்றைப் படங்களாலோ சிறு சொற்றொடர்களாலோ முதல் நாளே காட்டி, இயன்றால் கூட்டமில்லாத வேளையில் ஒத்திகையும் நடத்துதல் நன்று. புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் ஜன்னலோர இருக்கை கிட்டும். காதை மூடும் கருவி, பழகிய பொருள், முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஆகியவை உடனிருத்தல் வேண்டும். வலிப்பு இவர்களிடையே பிறரினும் அதிகமாகக் காணப்படுவதால், அதற்கு மருந்து உண்போர் வேளை தவறலாகாது. காரிலே கதவைத் திறக்க முயலும் வழக்கமுடையோரைப் பின்னிருக்கையில் இருத்தி, இருக்கை வார் பூட்டி, உள்ளிருந்து திறக்கவியலாத பூட்டையும் இட்டு, துணைவர் அருகே அமர்தல் தகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 மாற்றுத்திறன் வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைவர் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை.

இத்தனை முன்னேற்பாடுகளுக்கும் மேல் பிரயாணத்தில் கலக்கம் முற்றி ஒருவர் கூச்சலிடவோ தம்மைத் தாமே அடித்துக்கொள்ளவோ தொடங்கினால், அதட்டுவதும், பலர் கூடி அமுக்கிப் பிடிப்பதும் பெருந்தீங்கு விளைக்கும். மூச்சுத் திணறவும் கூடும். பாட்டை நிறுத்தி, சூழ்ந்தோரை விலக்கி, பேச்சைக் குறைத்து, வண்டியைப் பத்திரமான ஓரத்தில் நிறுத்தக் கூடுமாயின் நிறுத்தி, அவர் தாமாகத் தணியும்வரை காத்திருந்து, பிரயாணத்தைத் தொடர்வதா வீடு திரும்புவதா என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.