வானலை ஏலமும் எண்களின் மொழியும்

ஏலம் என்பது உரத்த குரலில் நிகழ்வது. ஆயினும், ஒரு சொல்லும் பேசாது, கேட்ட தொகையினாலேயே போட்டியாளர் தம்முள் இணக்கம் கண்ட ஏலமும் உண்டு. வானொலிக்கும் தொலைபேசிக்கும் உரிய அலைவரிசைகளின் ஏல வரலாறு இதற்குச் சான்று பகரும்.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வலைவரிசைகள் பொதுமக்களின் உடைமை. ஒரே அலைவரிசையில் இருவர் ஒலிபரப்பின் இரண்டும் குழம்பும். ஆதலின் அரசாங்கங்களே அவற்றைப் பகிர்ந்தளித்தன. நெடுங்காலம் விண்ணப்பங்களை ஆராய்ந்தே இப்பகிர்வு நடைபெற்றது. அவற்றை விலைக்கு விடுவதே தக்கதெனப் பொருளியலறிஞர் றொனால்ட் கோஸ் 1959ஆம் ஆண்டில் வாதிட்டார்.

நியூசிலாந்து 1990ஆம் ஆண்டில் ஏலமுறையைக் கைக்கொண்டது. மிகுதியாகக் கேட்டவர், தமக்கு அடுத்தவர் கேட்ட தொகையைச் செலுத்தினாற் போதும் என்பது விதி. குறைந்தபட்ச விலை வகுக்கப்படவில்லை. விளைவு யாது? 1,00,000 டொலர் கேட்டவர் ஒருவர் 6 டொலர் மட்டுமே செலுத்தினார்.

அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டில், பால் மில்குறோம், றொபேட் வில்சன் முதலியோர் வகுத்த புதுமுறை நடைமுறைக்கு வந்தது. பல உரிமங்கள் ஒருங்கே, சுற்றுச் சுற்றாக ஏலம் விடப்பட்டன. ஒவ்வொரு சுற்றின் தொகையும் யாவர்க்கும் அறிவிக்கப்பட்டது. பொருளின் உண்மை மதிப்பை அனைவரும் உணர்தற்கு அது உதவிற்று.

ஆனால், அவ்வெளிப்படைத் தன்மையே சூழ்ச்சிக்கும் வாயிலாயிற்று. 1999ஆம் ஆண்டில் ஜேர்மனி 10 அலைத்தொகுதிகளை ஏலம் விட்டது. புதிய கேள்வி ஒவ்வொன்றும் முன்னையதிலும் 10 சதவீதம் கூடியிருத்தல் வேண்டும். மானெஸ்மான் நிறுவனம் முதல் ஐந்து தொகுதிகளுக்கு மெகாஹேட்ஸ் ஒன்றுக்கு 18.18 மில்லியன் மார்க்கும், ஏனைய ஐந்துக்கு 20 மில்லியன் மார்க்கும் கேட்டது. 18.18உடன் பத்து சதவீதத்தைக் கூட்டின் 20 ஆகும். “அந்த ஐந்தை நீர் இவ்விலைக்கு எடுத்துக்கொள்ளும், இந்த ஐந்தை எமக்கு விடும்” என்பதே அவ்வெண்ணின் பொருள். எதிரே நின்ற ரீ-மொபில் நிறுவனம் அதனைப் புரிந்துகொண்டது. இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது.

2000ஆம் ஆண்டில் பிரித்தானியா வேறு வழி சென்றது. அங்கு ஏற்கெனவே தொழில் நடத்திய நிறுவனங்கள் நான்கு. ஏலம் விடப்பட்ட உரிமங்களோ ஐந்து. அவற்றுள் மிகப் பெரியது புதியவருக்கென ஒதுக்கப்பட்டது. ஆதலின் பழையவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இடமில்லாது போயிற்று. 13 நிறுவனங்கள் 150 சுற்றுகள் போட்டியிட்டன; ஏறக்குறைய 2,250 கோடி பவுண் அரசாங்கத்துக்குக் கிடைத்தது.

மில்குறோமும் வில்சனும் 2020ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசைப் பெற்றனர். கேட்போரின் தந்திரம் எங்கும் ஒன்றே: இயன்ற அளவு குறைத்துக் கொள்ளல். பொதுவுடைமைக்கு உரிய விலை கிட்டுமா என்பது, ஏலம் தொடங்குமுன் வகுக்கப்படும் விதியிலேயே தங்கியுள்ளது.