நஞ்சு கீழே இருக்கிறது என்றால் யார் கூலி தருவது?

தோழர்களே, நெய்வேலி சுரங்கத்தைச் சுற்றிய பழைய தென்னாற்காடு ஊர்களில் 'நஞ்சு' என்றால் பிள்ளையோடு வரும் நச்சுக்கொடி. அதைத் தொடுவது தீட்டு. அதனால்தான் ஊர்த்தெருவில் வலி எடுத்தாலும் கொடி அறுக்கவும் நஞ்சைப் புதைக்கவும் சேரியிலிருந்து நம் பாட்டிகளைக் கூப்பிட்டார்கள். சில ஊர்களில் மருத்துவர் சமூகப் பெண்களை. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பாட்டிகளுக்கு இடமில்லை.

அதற்காகப் பழமையைப் போற்ற நாம் தயாரில்லை. நஞ்சு கருப்பையின் வாயை மூடிக்கொண்டால் எந்தப் பாட்டியாலும் காப்பாற்ற முடியாது. வலியே இல்லாமல் ரத்தம் போகும். ஆஸ்பத்திரியில் செவிலியர் கற்கும் முதல் பாடம், உள்ளே விரல் விட்டுப் பார்க்காதே என்பது. நனைந்த துணிகளை எண்ணுகிறார், நாடியும் ரத்த அழுத்தமும் பிள்ளையின் இதயத்துடிப்பும் குறிக்கிறார், பொருந்தும் ரத்தத்தைத் தயாராக வைக்கிறார். ரத்தம் நின்று வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வது: "பாரம் தூக்காதம்மா, வேலைக்குப் போகாத."

தினக்கூலிக்காரி இதை எப்படிக் கேட்பாள்?

இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் பாபாசாகேப் ஒருவர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். தொழிலாளர் துறை உறுப்பினராக 1943இல், 1941ஆம் ஆண்டின் சுரங்க மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். போர்க்காலத்தில், அதே 1943இல்தான், பெண்களை நிலத்தடியில் இறக்கத் தடை தளர்த்தப்பட்டது. அதுவும் அவர் துறையின் காலம்தான், மறைக்க வேண்டியதில்லை. 1946இல் தடை திரும்ப வந்தது.

நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பரில் பிறந்தது, அவர் மறைவதற்குச் சில வாரம் முன்பு. 1961இல் சுரங்கச் சட்டத்தையும் உள்ளடக்கி மகப்பேறு பயன் சட்டம் வந்தது. கர்ப்பத்தால் வரும் நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதம் கூலியோடு விடுப்பு என்று அதில் இருந்தது. நஞ்சுச் சிக்கலும் அதில் அடங்கும். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2000இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனை, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. ஒப்பந்தக்காரர் மாறும்போது அறுபடுவது அந்த 80 நாள்தான். வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் படமெடுத்து வைக்க நம் அக்காக்களுக்கு இன்றே சொல்லுங்கள்.