மின்மினி, தமிழ் மறவன் ஒப்பீடு

மின்மினி, வண்ணத்துப்பூச்சி ஆகிய இரண்டும் முழு உருமாற்றம் அடையும் பூச்சிகள் ஆகும். ஆயினும் மின்மினி வண்டுகளின் வரிசையையும், வண்ணத்துப்பூச்சி செதிலிறகிகள் வரிசையையும் சேர்ந்தவை. இக்கட்டுரை இந்தியாவிலும் சீனாவிலும் காணப்படும் அப்சுகாண்டிட்டா சைனென்சிசு என்னும் மின்மினியை, தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனுடன் (சிர்ரோக்ரோவா தாயிசு) ஒப்பிடுகின்றது. முன்னதை 1767 இல் லின்னேயசும், பின்னதை 1787 இல் பாப்ரிசியசும் முதலில் விவரித்தனர்.

உடலமைப்பு

மின்மினி ஏறத்தாழ 1 செ.மீ. நீளமுடையது. இதன் முன்னிறகுகள் கடினமான உறைகளாக அமைந்து, பறக்க உதவும் பின்னிறகுகளை மூடிக் காக்கின்றன. தமிழ் மறவனின் நான்கு இறகுகளும் நுண்ணிய செதில்களால் மூடப்பட்டவை. மேற்புறம் செம்மஞ்சள் நிறமும் கரிய விளிம்பும் கொண்டது. இதன் உணர்கொம்புகள் நுனியில் தடித்திருக்கும். மின்மினிக்கு அவை நூல் போன்றவை.

ஒளியும் நிறமும்

மின்மினி இரவில் இயங்குவது. லூசிபெரின் என்னும் பொருள், லூசிபெரேசு நொதியின் துணையுடன் ஆக்சிசனுடன் வினைபுரிவதால் ஒளி தோன்றுகின்றது. இதில் வெளிப்படும் வெப்பம் மிகக் குறைவு. ஒளியுறுப்பு ஆணுக்கு வயிற்றின் இரு கண்டங்களிலும், பெண்ணுக்கு ஒரு கண்டத்திலும் உள்ளது. இணையைக் கண்டறிய இவ்வொளியே குறியீடு. பகலில் பறக்கும் தமிழ் மறவன் ஒளியை உண்டாக்குவதில்லை. கதிரவன் ஒளியில் அதன் நிறம் புலப்படுகின்றது.

வாழ்க்கை வட்டம்

* மின்மினியின் புழு ஊனுண்ணி. நத்தை போன்ற மெல்லுடலிகளை உண்ணும். புழுவும் ஒளிரும், உண்ணத் தகாதது என எதிரிகளை எச்சரிக்க இது உதவுவதாகக் கருதப்படுகின்றது.
* தமிழ் மறவனின் புழு தாவர உண்ணி. நீரடிமுத்து இன மரங்களின் இலைகளை உண்ணும். முதிர்ந்த பூச்சி உறிஞ்சு குழலால் தேன் பருகும்.

தமிழ்நாட்டில்

தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்கின்றது. தமிழ்நாடு அரசு 2019 இல் இதனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. 2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், அப்சுகாண்டிட்டா பேரின மின்மினிகள் பெருந்திரளாகக் கூடி ஒருசேர மின்னுவது ஆவணப்படுத்தப்பட்டது.

அச்சுறுத்தல்கள்

இவ்விரண்டின் தேவைகளும் வேறானவை. மின்மினிக்கு ஈர மண்ணுடன் இருளும் வேண்டும். செயற்கை விளக்கொளி அதன் குறியீட்டை மறைத்து இனப்பெருக்கத்தைத் தடுக்கின்றது. தமிழ் மறவனுக்கு அதன் புழு உண்ணும் மரங்கள் வேண்டும். அவை வெட்டப்பட்டால் முட்டையிட இடமில்லை. எனவே மரங்களைக் காப்பது மட்டும் மின்மினிக்குப் போதுமானதன்று. அதன் வாழிடத்தில் இரவின் இருளும் காக்கப்பட வேண்டும்.